மோட்டார் வண்டியின் மூளையும் திருட்டைத் தடுக்கும் சாவியும்



வண்டியில் புது பாட்டரி இருக்கிறது. எண்ணெயும் இருக்கிறது. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது. எஞ்சின் ஒரு தடவை உறுமுகிறது, இரண்டு வினாடியில் அடங்கிவிடுகிறது. மறுபடி திருகினாலும் அதே கதைதான். மீட்டர் பலகையில் சாவிப் படம் போட்ட சின்ன விளக்கு ஒன்று மட்டும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பட்டறையில் நிறுத்தி, முதலில் பிளக்கை மாற்றி, பிறகு எண்ணெய் பம்பை மாற்றி, பணமும் போய் வண்டியும் ஓடாமல் தவித்த குடும்பங்கள் நம் தோட்டப்புறங்களில் உண்டு. பழுது பிளக்கிலும் இல்லை, பம்பிலும் இல்லை. சாவிக்கும் வண்டியின் மூளைக்கும் இடையே நடக்கவேண்டிய பேச்சு நின்றுபோயிருக்கிறது. அந்தப் பேச்சைப் பற்றித்தான் இன்று உங்களுடன் பேசப்போகிறேன்.

வண்டிக்கு மூளையா என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் கேட்கலாம். அவர்கள் கேட்பது நியாயம். 1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் நமது நாட்டின் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தபோது அதில் கணினி எதுவும் இல்லை. கார்புரேட்டர் எண்ணெயையும் காற்றையும் கலந்து கொடுத்தது. பிளக்கில் பொறி வந்தது. வண்டி ஓடியது. சாவி என்பது வெறும் இரும்புத் துண்டு. அது செய்த வேலை இரண்டு கம்பிகளை ஒன்றுசேர்ப்பது. அந்த வேலையைத் திருடனும் செய்யலாம் அல்லவா? ஸ்டீரிங்குக்குக் கீழே உள்ள மூடியைப் பிய்த்து, கம்பிகளைத் தோலுரித்து, ஒன்றோடொன்று தொட்டால் போதும். கையில் ஒரு திருப்புளி, நெஞ்சில் கொஞ்சம் துணிவு, இவ்வளவுதான் முதலீடு.

இன்றைய வண்டிகள் அப்படியல்ல. கார்புரேட்டர் போய்விட்டது. அதற்குப் பதிலாக எண்ணெயை அளந்து பீய்ச்சும் சிறு குழாய்கள் வந்துவிட்டன. எந்த நொடியில் எவ்வளவு எண்ணெய் பீய்ச்சவேண்டும், எந்த நொடியில் பொறி தட்டவேண்டும் என்பதை ஒரு சிறு பெட்டி கணக்கிடுகிறது. இதைப் பட்டறைக்காரர்கள் ஈ.சி.யு. என்பார்கள். நாம் எஞ்சின் கணினி என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய், பொறி ஆகிய இரண்டையும் ஒரே எண்முறைக் கணினியின் கீழ்க் கொண்டுவந்த மோட்ரோனிக் என்னும் அமைப்பை ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1979ஆம் ஆண்டு வெளியிட்டது. காற்று எவ்வளவு உள்ளே வருகிறது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதையெல்லாம் கருவிகள் வழியே கேட்டறிந்து, நொடிக்குப் பலமுறை கணக்குப் போடுவதே அந்தப் பெட்டியின் தொழில்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. எண்ணெயும் பொறியும் கணினியின் கையில் போய்விட்டதால், கணினி "மாட்டேன்" என்று சொல்லிவிட்டால் எந்தக் கம்பியைத் தொட்டாலும் எஞ்சின் ஓடாது. ஸ்டார்ட்டர் சுற்றும், அவ்வளவுதான். இந்த "மாட்டேன்" என்ற சொல்லைத் திருட்டைத் தடுக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டுக்கு இம்மொபிலைசர் என்று பெயர். வண்டியை அசையவிடாமல் முடக்குவது என்று பொருள்.

இதில் மூன்று பேர் இருக்கிறார்கள். முதலாவது, சாவியின் கருப்புத் தலைக்குள் ஒளிந்திருக்கும் சில்லு. அரிசி மணியைவிடச் சற்றுப் பெரியது. இதற்கு பாட்டரி கிடையாது. சாவியில் இருக்கும் பொத்தான் பாட்டரி கதவைத் திறக்கும் ரிமோட்டுக்கு மட்டும்தான். ஆகவே ரிமோட் பாட்டரி தீர்ந்துபோனாலும், துவாரத்தில் போட்டுத் திருகும் சாவியால் எஞ்சின் ஓடத்தான் செய்யும். இரண்டாவது, சாவித் துவாரத்தைச் சுற்றி வளையமாக வைத்திருக்கும் செப்புக் கம்பிச் சுருள். அதோடு இணைந்தது இம்மொபிலைசர் பெட்டி. மூன்றாவது, நாம் இதுவரை பார்த்த எஞ்சின் கணினி. சில ரக வண்டிகளில் இம்மொபிலைசருக்குத் தனிப் பெட்டி இருக்காது. மீட்டர் பலகைக்குள்ளோ எஞ்சின் கணினிக்குள்ளேயோ அடங்கியிருக்கும். ஆனால் வேலை ஒன்றுதான்.

பாட்டரி இல்லாத சில்லு எப்படிப் பேசும்? சாவியைத் திருகியதும் செப்புச் சுருளில் மின்சாரம் நொடிக்கு ஏறத்தாழ 1,25,000 தடவை முன்னும் பின்னும் ஓடுகிறது. வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இது புரியும். மத்திய அலை ஒலிபரப்புக்கும் கீழான அலைவரிசை அது. அந்த அலை சில சென்டிமீட்டர் தூரத்துக்குத்தான் எட்டும். சாவிக்குள் இருக்கும் சில்லைச் சுற்றியும் ஒரு நுண்ணிய கம்பிச் சுருள் உண்டு. பெரிய சுருளின் அலை சிறிய சுருளில் மின்சாரத்தை எழுப்புகிறது. அந்த மின்சாரத்தில் சில்லு கண்விழித்துத் தன் பதிலைச் சொல்கிறது. எல்லாம் நாம் மூச்சு விடும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

முதலில் வந்த சில்லுகள் ஒரே எண்ணைத்தான் ஒவ்வொரு முறையும் சொல்லின. அதை ஒருமுறை ஒட்டுக்கேட்டவன் அதேபோல் இன்னொரு சில்லைச் செய்துவிடலாம். எனவே பிறகு வந்தவற்றில் கேள்வி பதில் முறையைக் கொண்டுவந்தார்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் இதை ஒரு விளையாட்டாகச் சொல்வது வழக்கம். நீங்களும் உங்கள் மகனும் ஓர் இரகசியம் வைத்துக்கொள்கிறீர்கள்: நான் எந்த எண்ணைச் சொன்னாலும் அதை 7ஆல் பெருக்கி 4 கூட்டிச் சொல். நீங்கள் 12 என்று கேட்டால் அவன் 88 என்பான். 25 என்றால் 179 என்பான். பக்கத்தில் நிற்பவன் 88ஐ மனப்பாடம் செய்துகொண்டு மறுநாள் வந்தால் பயன் இல்லை. ஏனென்றால் மறுநாள் நீங்கள் 31 என்று கேட்பீர்கள். அதற்கு விடை 221. இரகசியம் தெரிந்தவன் மட்டுமே அதைச் சொல்ல முடியும். இரகசியம் ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. அதுதான் இந்த முறையின் அழகு.

கெட்டிக்கார ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் இரண்டு கேள்வி பதிலைக் கேட்டதுமே 7ஐயும் 4ஐயும் கண்டுபிடித்துவிடுவான் என்பது உண்மை. வண்டிகளில் உள்ள கணக்கு இதைவிடப் பல மடங்கு சிக்கலானது. ஆனாலும் அந்த மாணவனுக்கு அண்ணன்மார் உலகில் இருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அப்போது பல வண்டிகளில் இருந்த ஒரு சில்லின் இரகசியத்தை இரண்டே கேள்வி பதில்களைக் கொண்டு கண்டுபிடித்துக் காட்டினார்கள். அந்தச் சில்லில் இருக்கக்கூடிய இரகசிய எண்கள் ஒரு லட்சம் கோடிக்கும் மேல். மனிதன் தேடினால் ஆயுள் போதாது, கணினிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதனால்தான் பின்னர் வந்த சில்லுகளில் இரகசிய எண்ணை இன்னும் மிக நீளமாக்கினார்கள்.

சாவியை நம்பிய பிறகு இம்மொபிலைசர் பெட்டி எஞ்சின் கணினிக்குச் செய்தி அனுப்புகிறது. "வந்திருப்பவர் நம் ஆள்தான், எண்ணெய் விடு" என்று வெறுமனே சொன்னால் கணினி கேட்காது. அப்படிக் கேட்டால் திருடன் அந்தக் கம்பியில் ஒரு பொய்ச் செய்தியை அனுப்பிவிடுவான். ஆகவே இந்த இரண்டு பெட்டிகளுக்கும் இடையிலும் ஓர் இரகசியச் சொல் உண்டு. தொழிற்சாலையிலேயே இரண்டையும் சேர்த்துவைத்து அந்தச் சொல்லை இரண்டின் நினைவிலும் எழுதிவிடுகிறார்கள். அதுதான் ஜோடி சேர்ப்பது. தோட்டத்துப் பெரட்டுக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் நல்லவராக இருக்கலாம், வேலை தெரிந்தவராகவும் இருக்கலாம். அந்தத் தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இல்லை என்றால் அன்று அவருக்கு நிரை கிடையாது. பக்கத்துத் தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இருப்பது இங்கே செல்லுபடியாகாது.

இந்த ஜோடி விஷயம் தெரியாமல் நம்மவர் ஒருவர் பட்ட பாட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 ஆகிய நாட்களில் பினாங்கில் பெய்த பேய்மழையும் வெள்ளமும் உங்களுக்கு மறந்திருக்காது. எங்கள் பத்து காவான் வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வேன்காரர் ஒருவரின் வேனிலும் தண்ணீர் ஏறிவிட்டது. எஞ்சின் கணினி முன்னிருக்கைக்குக் கீழ்ப்பக்கம் கால் படும் இடத்தில் இருந்தது. சேற்றுத் தண்ணீரில் ஊறி அது செத்துப்போயிற்று. அந்த வேன்தான் அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டது. மனைவி செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியவர். முழங்கால் வலியால் வேலையை விட்டு ஓராண்டு ஆகியிருந்தது.

பட்டறைக்காரர் கணினியை மாற்றவேண்டும் என்றார். புதியது வாங்கக் கட்டுபடியாகாது. ஆகவே ஆஃப்-கட் கடையில் தேடினார்கள். ஜப்பானில் பழைய வண்டிகளைப் பாதியாக அறுத்து, எஞ்சினோடு கூடிய முன்பாதியை நம் நாட்டுக்கு அனுப்புவார்கள். அந்தப் பாதியைத்தான் ஆஃப்-கட் என்பது. அதே ரக வேனின் கணினி ஒன்று 400 வெள்ளிக்குக் கிடைத்தது. மாட்டினார்கள். எஞ்சின் இரண்டு வினாடி ஓடி நின்றது. கடைக்காரர் கெட்ட சாமானைக் கொடுத்துவிட்டார் என்று சண்டை. அவர் வேறொன்று கொடுத்தார், அதற்கு மேற்கொண்டு பணம். அதுவும் இரண்டு வினாடிதான். பிள்ளைகளை ஏற்ற இன்னொருவரின் வேனை வாடகைக்கு எடுத்து ஓட்டியதில் அவருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. "சார், யாரோ வேனுக்குச் செய்வினை வெச்சிட்டாங்கபோல" என்றே ஒருநாள் என்னிடம் சொன்னார்.

இரண்டு கணினிகளுமே நல்லவைதான். அவை இரண்டும் பக்கத்துத் தோட்டத்துச் செக்ரோலை மடியில் வைத்துக்கொண்டு வந்தவை. ஜப்பானில் எந்த வேனிலோ எந்தச் சாவியோடோ ஜோடி சேர்ந்தவை. இந்த வேனின் இம்மொபிலைசர் தன் இரகசியச் சொல்லைச் சொன்னபோது, "இது யார்?" என்று கேட்டு எண்ணெயை நிறுத்திவிட்டன.

இதற்கு வழி உண்டா என்றால் உண்டு. ஆஃப்-கட்டிலிருந்து கணினியை மட்டும் வாங்காமல், அதே வண்டியின் இம்மொபிலைசர் பெட்டியையும் சாவிச் சில்லையும் சேர்த்து மூன்றையும் ஒன்றாக வாங்கிவிடலாம். மூன்றும் ஒருவரையொருவர் அறிந்தவை, ஆகவே தகராறு செய்யாது. இல்லையென்றால், சில ரகங்களில் விற்பனை நிறுவனத்தின் கருவியைக் கொண்டு, வண்டிக்குரிய இரகசிய எண்ணைத் தட்டி, புதிய கணினிக்கு இந்த வண்டியின் சொல்லைக் கற்றுக்கொடுக்கலாம். பிழையான எண்ணைப் பலமுறை தட்டினால் சில வண்டிகள் கொஞ்ச நேரத்துக்குக் கதவைச் சாத்திவிடும், பொறுத்திருக்கவேண்டும். ஒருமுறை ஜோடி சேர்ந்த கணினி இன்னொரு சொல்லை ஏற்காத ரகங்களும் இருக்கின்றன. அதன் பழைய நினைவைத் துடைத்தால்தான் ஏற்கும்.

மூன்றாவது வழிதான் வேன்காரருக்குக் கைகொடுத்தது. பட்டர்வொர்த்தில் ஓர் இளைஞர் மின்சாதனப் பழுது பார்ப்பவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "பழைய பெட்டி எங்கே அண்ணே?" என்பது. அது முதல் பட்டறையில் பழைய இரும்புக் குவியலில் கிடந்தது. நல்லவேளையாக இரும்புக்காரர் இன்னும் வரவில்லை. அதைத் திறந்து, சேற்றைக் கழுவி, உள்ளே இருந்த எட்டுக் கால் சில்லு ஒன்றைப் பக்குவமாகக் கழற்றினார். இரகசியச் சொல் எழுதியிருக்கும் நினைவுச் சில்லு அதுதான். கணினியின் மற்ற பாகங்கள் செத்திருந்தாலும் அது பிழைத்திருந்தது. அதிலிருந்த எழுத்துகளைப் படித்து, ஆஃப்-கட் கணினியின் நினைவுச் சில்லில் அப்படியே எழுதினார். இரண்டு பெட்டிகளின் மேலும் அச்சிட்டிருந்த எண் ஒன்றாக இருந்ததால் இது முடிந்தது. சாவியைத் திருகியதும் வேன் நின்று ஓடியது. வேன்காரருக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. அணைத்து அணைத்து ஐந்தாறு முறை ஓட்டிப் பார்த்தார்.

ஆகவே வண்டியின் கணினியை மாற்ற நேர்ந்தால் பழையதைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது செத்த பெட்டி என்று யார் சொன்னாலும் விடாதீர்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். வண்டி விற்பவர் ஒரே சாவியைக் கொடுத்து, "இன்னொன்று கடையில் அறுத்துக்கொள்ளலாம்" என்பார். அறுத்த சாவி கதவைத் திறக்கும், துவாரத்திலும் திரும்பும். எஞ்சினை ஓட்டாது, ஏனென்றால் அதற்குள் சில்லு இல்லை. சில்லு உள்ள சாவி ஒன்றாவது கையில் இருக்கும்போதே இரண்டாவது சாவியைப் பதிவு செய்வது எளிது. கடைசிச் சாவியும் தொலைந்துவிட்டால் வண்டியை இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும். சில ரகங்களில் பெட்டியையே மாற்றவேண்டியும் வரும். வாங்கும் அன்றே இரண்டு சாவியையும் தனித்தனியே போட்டு எஞ்சினை ஓட்டிப் பாருங்கள்.

இன்னொரு சிறு விஷயம். சாவியின் மேல்கூடு உடைந்ததென்று சந்தையில் புதுக்கூடு வாங்கி மாற்றுகிறோம். பழைய கூட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சில்லைக் கவனிக்காமல் குப்பையில் போட்டுவிடுகிறோம். பிறகு வண்டி ஓடவில்லை என்று மழைக்காலத்தைக் குறை சொல்கிறோம். அதேபோல் இரண்டு வண்டிச் சாவிகளை ஒரே வளையத்தில் கோத்து வைத்தால், துவாரத்துக்குப் பக்கத்தில் இரண்டு சில்லுகளும் ஒரே நேரத்தில் பேசிக் குழப்புவதுண்டு. சாவியைத் தனியே பிரித்துப் போட்டுப் பார்த்தால் பணம் செலவில்லாமல் பழுது தீரும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, சாகா காலத்து இரும்புச் சாவியே நல்லதில்லையா என்று தோன்றலாம். வெளிநாடுகளில் நடந்ததைப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகளில் 1998ஆம் ஆண்டு அக்டோபர் முதல் விற்கும் புதுக் கார்களில் இம்மொபிலைசர் கட்டாயம் என்று சட்டம் வந்தது. ஆஸ்திரேலியாவில் 2001இலும், கனடாவில் 2007இலும் கட்டாயமாயிற்று. நெதர்லாந்தில் இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் 1995 முதல் 2008 வரையிலான கணக்கை எடுத்துப் பார்த்து, இந்தக் கருவியால் கார்த் திருட்டு சராசரியாக 100க்கு 40 அளவு குறைந்தது என்று கண்டார்கள். அமெரிக்காவில் இப்படிச் சட்டம் இல்லை. அங்கே 2015ஆம் ஆண்டு ரகங்களில் மற்ற நிறுவனங்களின் ரகங்கள் 100க்கு 96இல் இம்மொபிலைசர் இயல்பாகவே இருந்தது. ஹூண்டாய், கியா ரகங்களில் 100க்கு 26இல்தான் இருந்தது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் இளைஞர்கள் அந்தக் கார்களைக் கைபேசிக்கு மின்னேற்றும் கம்பியின் முனையைச் சாவிபோல் திருகி ஓட்டிச்சென்றார்கள். அதைப் படம்பிடித்தும் பரப்பினார்கள். வேடிக்கையாகத் தொடங்கிய அந்தக் காரியத்தில் உயிர்களும் போயின.

நமது நாட்டிலேயே நடந்த கொடுமை ஒன்றும் உண்டு. 2005ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உலகச் செய்திகளில் வந்தது அது. கோலாலம்பூரின் புறநகரில் ஒருவரின் காரில் சாவிச் சில்லுக்கு மேலாக விரல்ரேகையைக் கேட்கும் இம்மொபிலைசர் இருந்தது. கொள்ளையர்கள் அவரையும் காரோடு கடத்திச்சென்றார்கள். பிறகு காரை மறுபடி ஓட்ட முடியாதபோது அவரது ஆள்காட்டி விரலின் நுனியைப் பாராங்கால் வெட்டி எடுத்துக்கொண்டு, அவரைச் சாலையோரத்தில் விட்டுச்சென்றார்கள். உடலின் உறுப்பையே சாவியாக்குவது சரிதானா என்று எனக்கு அன்று எழுந்த ஐயம் இன்றும் தீரவில்லை. தொலைந்தால் மாற்றிக்கொள்ளக்கூடியதாகத்தான் சாவி இருக்கவேண்டும்.

இப்போது வரும் பொத்தான் அழுத்தும் வண்டிகளில் சாவியைத் துவாரத்தில் போடுவதே இல்லை. சட்டைப்பையில் இருந்தாலே போதும். இந்த வசதியும் திருடனுக்கு உதவுகிறது. வீட்டுக்குள் மாட்டியிருக்கும் சாவியின் அலையை ஒருவன் வாசலில் நின்று பிடித்து, வண்டியருகே நிற்கும் கூட்டாளிக்கு அனுப்புகிறான். சாவி பக்கத்தில் இருப்பதாக நினைத்து வண்டி திறந்துகொள்கிறது. இரவில் சாவியை இறுக மூடிய தகர பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பது எளிய தடுப்பு. மூடிய பின் வண்டியருகே கொண்டுபோய்க் கதவு திறக்கிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

பட்டறை வேலையில் நாட்டமுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் ஸ்பானரோடு சேர்த்து மின்னியலையும் படிக்கச் சொல்லுங்கள். எங்கள் பத்து காவானில் ஒருகாலம் கரும்பும், பிறகு ரப்பரும் செம்பனையும் நின்ற மண்ணில் இன்று தொழிற்பேட்டை நிற்கிறது. மோட்ரோனிக்கைச் செய்த அதே போஷ் நிறுவனம் 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் இங்கே சில்லுகளையும் உணர்கருவிகளையும் சோதிக்கும் நிலையம் ஒன்றைத் திறந்திருக்கிறது. பால்வாளி தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரில் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே என்னென்ன பயிற்சிகள் நடக்கின்றன என்று எஸ்.பி.எம். முடித்த பிள்ளையை அழைத்துக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள்.

முடிப்பதற்கு முன், பலர் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "இந்த இம்மொபிலைசரே வேண்டாம் என்று அகற்றிவிடலாமா?" கணினியின் நினைவில் சில எழுத்துகளை மாற்றி, இனி யாரையும் கேள்வி கேட்காதே என்று செய்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பல ரகங்களில் இது நடக்கும், செலவும் குறைவு. ஆனால் அன்றிலிருந்து அந்த வண்டி 1985ஆம் ஆண்டுச் சாகாவைப் போலத்தான். திருப்புளி வைத்திருப்பவன் எவனும் ஓட்டலாம். திருட்டுக்கும் சேர்த்துக் காப்புறுதி எடுத்திருப்பவர்கள், அப்படிச் செய்யுமுன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று காப்புறுதி முகவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். வேன்காரரிடமும் முதல் பட்டறையில் இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறார்கள். இரவில் வேன் நிற்பது வீட்டுக்கு முன்னால் விளக்கில்லாத சாலையோரத்தில். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.